ரஷ் குழுவின் கடைசி மூன்று ஆல்பங்களை எப்படிக் கேட்பது?

‘2112’, ‘மூவிங் பிக்சர்ஸ்’ இரண்டையும் வரிவரியாக அறிந்திருந்தும், கனடாவின் ராக் இசைக்குழுவான ரஷ் 2000க்குப் பிறகு சொந்தப் பாடல்களோடு வெளியிட்ட மூன்று ஆல்பங்கள் மட்டும் மனத்தில் ஒட்டவில்லை என்கிறீர்கள். ரசிகர்களில் ஒரு சாரார் அவற்றைத் தலைமேல் வைத்துக் கொண்டாட, இன்னொரு சாரார் 1981உடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒதுக்குவது ஏன் என்றும், அவற்றில் முதலாவதான ‘வேப்பர் டிரெயில்ஸ்’ இரண்டு பதிப்புகளாகக் கிடைக்கிறதே, எதை வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவை அனைத்துக்கும் விடை ஒரே இடத்தில் இருப்பதாக நினைக்கிறேன். பாடலைக் கட்டும் முறையையே இவர்கள் 2001இல் மாற்றிக்கொண்டார்கள். பழைய கட்டுமானத்துக்குப் பழகிய காது புதிய ஆல்பங்களிலும் அதையே தேடுகிறது. கிடைக்காதபோது மெட்டு வற்றிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறது.

பழைய முறை என்ன என்பதைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். எழுபதுகளின் ரஷ் பாடலைப் பகுதி பகுதியாக அடுக்கியது. ‘2112’ ஆல்பத்தின் முதல் பக்கத்தை முழுவதுமாக நிரப்பும் இருபது நிமிடப் பாடல் ஏழு பகுதிகளால் ஆனது. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் தாளமும் வேகமும் கிட்டாரின் தொனியும் சேர்ந்தே மாறும். 1981இல் வந்த ‘மூவிங் பிக்சர்ஸ்’ அந்த விரிவை நான்கைந்து நிமிடங்களுக்குள் சுருக்கிக் காட்டியது. டொராண்டோ விமான நிலையத்தின் குறியீட்டை மோர்ஸ் ஒலிகளாக மாற்றி, அந்த நீள, குறில் ஓசைகளையே தாளமாக வைத்துத் தொடங்கும் ‘ஒய்ஒய்இசட்’ அதற்கு நல்ல சான்று. கெடி லீயின் பேஸ் கிட்டார், அலெக்ஸ் லைஃப்சனின் கிட்டார், நீல் பீர்ட்டின் டிரம்ஸ் என்று மூன்றே கருவிகள்தாம் அடித்தளம். ஒவ்வொன்றைச் சுற்றியும் போதிய இடைவெளி இருந்ததால், யார் எங்கே என்ன வாசிக்கிறார் என்பதைக் கேட்பவர் பிரித்தறிய முடிந்தது. அவர்களுடைய ரசிகர்களில் பலர் தாமும் ஒரு கருவியைக் கையில் எடுத்ததற்கு அந்தத் தெளிவும் ஒரு காரணம்.

1996இல் ‘டெஸ்ட் ஃபார் எக்கோ’ வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டு, ஆகஸ்டில், பீர்ட்டின் மகள் சாலை விபத்தில் இறந்தார். பத்து மாதங்கள் கழிந்து மனைவியும் புற்றுநோயால் இறந்தார். தன்னை ஓய்வுபெற்றவனாகவே கருதிவிடுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு, பீர்ட் மோட்டார் சைக்கிளில் வட அமெரிக்கா முழுவதும் சுற்றினார். கடந்த தொலைவு ஏறத்தாழ 88,000 கிலோமீட்டர். லீயும் லைஃப்சனும் அவரை அவசரப்படுத்தவில்லை. ‘வேப்பர் டிரெயில்ஸ்’ ஆல்பத்துக்காக 2001 தொடக்கத்தில் மூவரும் டொராண்டோவின் ரியாக்‌ஷன் ஸ்டுடியோவில் மீண்டும் கூடியபோது குழு பிழைக்குமா என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆகவே கெடுவும் விதிக்கவில்லை, திட்டமும் போடவில்லை.

பீர்ட் ஓர் அறையில் பாடல் வரிகளை எழுத, லீயும் லைஃப்சனும் வேறோர் அறையில் மனம் போனபடி வாசித்து அனைத்தையும் கணினியில் பதிந்தார்கள். பின்னர் லீ அந்த நீண்ட பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, உயிருள்ள துண்டுகளைப் பொறுக்கி, ஒட்டி, பாடல்களாக்கினார். அந்தத் துண்டுகளில் பலவற்றை அவர்கள் பிறகு திருத்தமாக மீண்டும் வாசிக்கவில்லை. முதல் தடவை வாசித்ததில் இருந்த வேகம் மறுபடி வராது என்று கருதி, அப்படியே இறுதிப் பதிவில் வைத்துக்கொண்டார்கள். கீபோர்டு முற்றிலும் விலக்கப்பட்டது. 1975இன் ‘கேரஸ் ஆஃப் ஸ்டீல்’ ஆல்பத்துக்குப் பின் அதுவே முதல் முறை. லைஃப்சன் வழக்கமான தனி ஆவர்த்தனங்களைப் பெரும்பாலும் கைவிட்டு, ஒரே பாடலுக்குள் பல கிட்டார்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார். லீயும் தன் குரலையே பல அடுக்குகளாகப் பதிந்தார். இப்படிப் பிறந்த பாடலில் ‘அடுத்த பகுதி’ என்று எதுவும் வருவதில்லை. ஒரே பரப்பு மெல்லமெல்லத் தடிக்கும், அல்லது மெலியும். பகுதிகளை எதிர்பார்ப்பவருக்கு ‘சீக்ரெட் டச்’ ஒரே இடத்தில் சுற்றுவதாகத்தான் தோன்றும். அடுக்குகள் ஏறுவதைக் கவனிப்பவருக்கு அதுவே முழு ஆல்பத்தின் உச்சம்.

இவ்வளவும் சொன்னாலும், 2002 மே மாதம் வெளிவந்த ‘வேப்பர் டிரெயில்ஸ்’ மோசமாக ஒலித்தது என்பது உண்மை. ரசிகர்களின் நீண்ட சண்டைக்கு அதுவே மூலகாரணம். டிஜிட்டல் பதிவில் ஒலியின் உயரத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் எண்களால் குறிக்க இடமில்லை. தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து, மற்றவர்களுடைய சிடியைவிட நம்முடையது உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டியில், மென்மையான பகுதிகளையும் உரத்த பகுதிகளையும் ஒரே மட்டத்துக்கு அழுத்தி, அந்த முழுத் தொகுதியையும் வரம்புவரை தள்ளுவது நிறுவனங்களின் வழக்கமாயிற்று. வரம்பை மீறும் அலையின் முகடு அறுபட்டுத் தட்டையாகும். அந்த அறுபட்ட முனை கரகரப்பாகக் காதில் விழும். ‘வேப்பர் டிரெயில்ஸ்’ பாடல்களின் அலைவடிவத்தைத் திரையில் பார்த்தால், மேலும் கீழும் கத்தரித்துவிட்ட வேலிபோல நெடுக ஒரே உயரத்தில் நிற்கும். கலந்து முடித்த பாடல்களின் ஒலியை இறுதியாகச் சீராக்கும் மாஸ்டரிங் கட்டத்தில் மட்டும் இது நேர்ந்திருந்தால் மறு மாஸ்டரிங் செய்து சரிப்படுத்தியிருக்கலாம். சிதைவின் ஒரு பங்கு அதற்கு முந்தைய கட்டங்களிலேயே புகுந்திருந்ததால், தனித்தனித் தடங்களை எடுத்து மீண்டும் கலப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இதன் விளைவை ‘எர்த்ஷைன்’ பாடலில் தெளிவாகக் கேட்கலாம். சூரிய ஒளி பூமியில் பட்டுத் தெறித்து நிலவின் இருண்ட பகுதியை மங்கலாகக் காட்டுகிறதே, அந்த வெளிச்சத்தைப் பற்றிய பாடல் அது. கனமான கிட்டாருடன் தொடங்கி, சரணத்தில் அடங்கி, பல்லவியில் விரிய வேண்டும் என்று எழுதப்பட்டது. 2002 பதிப்பில் சரணம் அடங்குவதும் இல்லை, பல்லவி விரிவதும் இல்லை. இரண்டும் ஒரே உரப்பில் இருப்பதால் பாட்டின் வடிவமே காதுக்கு எட்டாமல் போகிறது. ஒலியமைப்பின் குறை எழுத்தின் குறையாக வேடம் போடும் இடம் இதுதான். இந்த ஆல்பத்தில் மெட்டே இல்லை என்று சொல்பவர்களை நான் குறை சொல்வதில்லை. அவர்கள் கேட்ட பதிப்பில் மெட்டு உண்மையிலேயே அமுங்கித்தான் கிடந்தது.

2009இல் வெளிவந்த ‘ரெட்ரோஸ்பெக்டிவ் 3’ தொகுப்புக்காக ஒலிப்பொறியாளர் ரிச்சர்ட் சிக்கி ‘எர்த்ஷைன்’, ‘ஒன் லிட்டில் விக்டரி’ ஆகிய இரண்டை மட்டும் மறுகலவை செய்தார். அதற்குக் கிடைத்த வரவேற்பின் தொடர்ச்சியாக, 2013இல் டேவிட் பாட்ரில் முழு ஆல்பத்தையும் மீண்டும் கலந்தார். டூல், கிங் கிரிம்சன் போன்ற அடர்த்தியான இசைக்குழுக்களோடு பணியாற்றியவர் அவர். பல அடுக்குக் கிட்டார்களை எப்படிப் பிரித்து நிறுத்துவது என்பது அவருக்குக் கைவந்த கலை. புதிய பதிப்பில் லீயின் பேஸ் தனக்குரிய இடத்தைப் பெற்றிருக்கிறது. பின்னால் புதைந்திருந்த கிட்டார் இழைகள் வெளியே வந்திருக்கின்றன. எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. பத்தாண்டுகள் பழைய பதிப்போடு வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கரகரப்பே பாடல்களின் துயரத்தோடு பிணைந்துவிட்டது; சுத்தம் செய்யப்பட்ட பதிப்பு அவர்களுக்கு வேறு யாரோ பாடுவதுபோல ஒலிக்கிறது. பீர்ட்டின் இரட்டை பேஸ் டிரம் தனியாக உறுமித் தொடங்கும் ‘ஒன் லிட்டில் விக்டரி’யைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. மற்றப் பாடல்களுக்கு 2013 பதிப்பையே தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

இந்த ஆல்பத்தை மூன்றில் முதலிடத்தில் வைக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் பாடல் வரிகள். பீர்ட் எப்போதும் கெட்டிக்காரத்தனமாக எழுதியவர். கருத்தை முதலில் முடிவு செய்துவிட்டு உவமைகளை அதன்பின் வரிசையில் நிறுத்துபவர். இங்கே அந்தக் கட்டுப்பாடு தளர்ந்திருக்கிறது. ‘கோஸ்ட் ரைடர்’ தன் பயணத்தையும், ‘ஸ்வீட் மிராக்கிள்’ மீண்டும் வாழத் தொடங்கியதையும் ஏறக்குறைய நேராகவே சொல்கின்றன. ‘மூவிங் பிக்சர்ஸ்’ காலத்தில் தொடங்கி மூன்று ஆல்பங்களில் பரவிய ‘ஃபியர்’ வரிசைக்கு நான்காவது பாகமாக ‘ஃப்ரீஸ்’ வருவதும் இதில்தான். ஊரின் அச்சத்தையும் அரசாள்வோர் பயன்படுத்தும் அச்சத்தையும் ஆராய்ந்தவர், கடைசியில் ஆபத்தின் எதிரே உடல் உறைந்து நிற்கும் அந்த ஒரு கணத்துக்கு வந்து சேர்கிறார்.

2004இல் வந்த ‘ஃபீட்பேக்’, தங்கள் இளமையில் கேட்ட அறுபதுகளின் பாடல்களை அவர்கள் மீண்டும் வாசித்த சிறு தொகுப்பு. சிரித்துக்கொண்டே வாசித்தது தெரிகிறது. அதற்குமேல் அதில் தேட வேண்டாம்.

2007இன் ‘ஸ்னேக்ஸ் அண்ட் ஆரோஸ்’ பிறந்த விதம் வேறு. இந்த முறை லைஃப்சன் மின்கிட்டாரைத் தள்ளிவைத்துவிட்டு அக்கூஸ்டிக் கிட்டாரில் பாடல்களை எழுதினார். ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவின் ஆல்பங்களை உருவாக்கிய நிக் ரஸ்குலினெக்ஸ் தயாரிப்பாளராக வந்தார். சிறுவயதிலிருந்தே ரஷ் ரசிகரான அவர், உங்கள் பழைய வேகத்துக்கு ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறீர்கள் என்ற தொனியில் அவர்களை உசுப்பிக்கொண்டே இருந்தவர். டிரம்ஸ் மட்டும் பதியலாம் என்று நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் உள்ள அலேர் ஸ்டுடியோவுக்குப் போனவர்கள், இடம் பிடித்துப்போய் மற்றவற்றையும் அங்கேயே பதிந்தார்கள். ‘வேப்பர் டிரெயில்ஸ்’ கைவிட்ட காற்றோட்டம் இதில் திரும்பியது. அடியில் அக்கூஸ்டிக் கிட்டாரின் நரம்பொலி, அதன்மேல் மின்கிட்டார், இடையிடையே, நாடாவில் பதிந்த ஒலிகளை இசைக்கும் பழைய கீபோர்டான மெலட்ரான்.

அட்டைப்படத்தைக் கண்டதும் உங்களுக்குப் பரமபதம் நினைவுக்கு வந்திருக்கும், அது தவறில்லை. ‘லீலா’ என்ற இந்திய ஆட்டத்துக்கு ஹரீஷ் ஜோஹரி வரைந்த ஓவியத்தைத்தான் பீர்ட் அட்டைக்குத் தேர்ந்தெடுத்தார். நம்பிக்கையும் மதமும் மனிதரை எங்கே ஏற்றுகின்றன, எங்கே சறுக்கிவிடுகின்றன என்று ‘ஆர்மர் அண்ட் ஸ்வோர்ட்’, ‘ஃபெய்த்லெஸ்’, ‘தி வே த விண்ட் ப்ளோஸ்’ ஆகிய பாடல்கள் விவாதிப்பதால் அந்தப் பலகை பொருத்தமாகவே அமைந்தது.

பலர் எளிய பாட்டென்று கடந்துபோகும் ‘தி லார்ஜர் பௌல்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலாய் மரபிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பந்தூம் என்ற யாப்பில் பீர்ட் அதை எழுதினார். நான்கு அடிகள் கொண்ட கண்ணியின் இரண்டாம் அடியும் நான்காம் அடியும், அடுத்த கண்ணியின் முதலடியாகவும் மூன்றாம் அடியாகவும் திரும்ப வரும். அந்தாதியில் பழகிய நமக்கு இதன் சுவையை விளக்க வேண்டியதில்லை. சிலருக்கு மட்டும் வாழ்வு வாரிக் கொடுக்க, மற்றவர்களுக்கு ஏன் கிள்ளிக் கொடுக்கிறது என்பதே பாடலின் கேள்வி. விடை தெரியாமல் அதே அடிக்குத் திரும்பத் திரும்ப வரும் மனத்துக்கு இந்த யாப்பைவிடப் பொருத்தமான வடிவம் வேறில்லை. லீயும் அதைப் புரிந்துகொண்டு மெட்டை அலட்டாமல் அமைத்திருக்கிறார். இருபது நிமிடப் பாடல் எழுதினால்தான் புரோகிரசிவ் ராக், அதாவது சிக்கலான கட்டமைப்பை நாடும் ராக் வகை, என்போரிடம் நான் காட்டுவது இந்த நான்கு நிமிடத்தைத்தான்.

குறைகளும் உண்டு. மூன்று கருவியிசைகள் இதில் இடம்பெறுகின்றன: ‘தி மெயின் மங்கி பிசினஸ்’ அவற்றில் முழுமையானது, பன்னிரண்டு தந்திக் கிட்டாரில் லைஃப்சன் தனியாக வாசிக்கும் ‘ஹோப்’ அழகானது, ‘மாலிக்னன்ட் நார்சிசிசம்’ ஓர் இனிய விளையாட்டு. இவற்றை நீக்கிப் பார்த்தால், பாடல்களில் பாதிக்குமேல் ஒரே நடுத்தர வேகத்தில் செல்வது வெளிப்படும். நடுப்பகுதியில் சலிப்பு தட்டுகிறது என்ற புகார் எனக்கும் உடன்பாடே. ஆயினும் 2007 கச்சேரிகளில் இந்த ஒரே ஆல்பத்திலிருந்து ஒன்பது உருப்படிகளை மேடையேற்றினார்கள். பழைய பாடல்களைக் கேட்க வந்த கூட்டத்தின்முன் அப்படிச் செய்யும் துணிச்சல் மூத்த குழுக்களில் அரிது.

2012 ஜூனில் வெளிவந்த ‘கிளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்’, நாற்பதாண்டை நெருங்கும் ஆல்பப் பயணத்தில் முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல்வரை ஒரே கதையைச் சொல்லும் அவர்களுடைய ஒரே ஆல்பம். ‘2112’ கூட ஒரு பக்கத்துக்குத்தான் கதை சொன்னது. ரசவாதத்தாலும் கடிகாரப் பொறிகளாலும் இயங்கும் ஓர் உலகில், எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டு வைத்திருக்கும் கடிகாரக்காரருக்கும் அனைத்தையும் குலைக்க நினைக்கும் கலகக்காரனுக்கும் இடையில் ஓர் இளைஞன் ஊரைவிட்டுக் கிளம்புகிறான். கனடாவில் முதலிடத்தையும் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடத்தையும் பிடித்த இந்த ஆல்பத்தைப் பெரும்பான்மை ரசிகர்கள் பிற்காலத்தின் சிகரம் என்பார்கள். கதைக்காக அவர்கள் தரும் மதிப்பெண் எனக்கு மிகையாகப் படுகிறது. பாடல்களை மட்டும் கேட்டு அந்தக் கதையைப் பின்தொடர இயலாது. சிறு நூலில் அச்சிட்டிருக்கும் இணைப்புரைகள் இல்லாவிட்டால் ‘கார்னீஸ்’ எங்கே நடக்கிறது, ‘தி ரெக்கர்ஸ்’ எங்கே நடக்கிறது என்பதை யூகிக்கத்தான் வேண்டும்.

வாசிப்பைப் பற்றிப் பேசினால் கணக்கு மாறிவிடும். தன் டிரம்ஸ் பகுதிகளை வாரக்கணக்கில் எழுதி, ஒத்திகை பார்த்து, ஒவ்வொரு அடியையும் மனனம் செய்து பதிபவர் என்று பெயரெடுத்த பீர்ட், அறுபதை நெருங்கும் வயதில் அந்த வழக்கத்தைத் துறந்தார். பாடலைச் சில முறை மட்டும் கேட்டுவிட்டு அமர்ந்துவிடுவார்; எதிரே ரஸ்குலினெக்ஸ் டிரம் குச்சியைக் கோலாகப் பிடித்து, எங்கே பல்லவி வருகிறது, எங்கே ஏற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கையசைத்து வழிநடத்த, பீர்ட் அந்தக் கணத்தில் தோன்றியதை வாசித்தார். ‘ஹெட்லாங் ஃப்ளைட்’ பாடலில் அந்த விடுதலை வெளிப்படையாகவே தெரியும். வரிகளில்லாத கருவியிசையாகத் தொடங்கிய அதற்குப் பின்னர்தான் பாட்டு எழுதப்பட்டது. பீர்ட்டுக்கு நடுவயதில் டிரம்ஸ் கையாளும் முறையையே மாற்றிக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் ஃப்ரெடி குரூபர், 2011இல் இறப்பதற்குமுன் தன் கதைகளைச் சொல்லி, அத்தனையும் மறுபடி ஒருமுறை வாழக் கிடைத்தால் எப்படியிருக்கும் என்று ஏங்குவாராம். தனக்கு அந்த ஏக்கம் கிடையாது என்று வெளிப்படையாகச் சொன்ன பீர்ட், கதைநாயகனின் வாயில் அந்த ஏக்கத்தை வைத்தார். 1975இன் ‘பாஸ்டில் டே’யை நினைவூட்டும் பேஸ் வரிசையோடு அது தொடங்குவது பழைய ரசிகர்களுக்கான கண்சிமிட்டல்.

ஒலியமைப்பில் இதுவும் நெரிசலானதுதான். ‘வேப்பர் டிரெயில்ஸ்’ அளவுக்குச் சிதையவில்லை என்றாலும், தொடக்கப் பாடலான ‘காரவான்’ முதல் ஏழெட்டுப் பாடல்களை ஒரே மூச்சில் கேட்டால் காது களைக்கிறது. அந்தக் களைப்பினாலேயே பலர் கடைசிப் பாடலான ‘தி கார்டன்’ வரை வந்து சேர்வதில்லை. டேவிட் கேம்பல் அமைத்த தந்திக் கருவிகளும் பியானோவும் தாங்கும் அந்த ஏழு நிமிடத்தில் லீயின் பேஸ் மெட்டையே எடுத்து நடத்துகிறது. லைஃப்சனின் தனி ஆவர்த்தனம் ஒரு சுரம்கூட மிகையில்லாமல் எழும்பி அமைகிறது.

லீயின் குரலைப் பற்றிய சச்சரவையும் தொட்டுவிடுகிறேன். எழுபதுகளின் அந்தக் கீச்சுக் குரலை அவர் எண்பதுகளிலேயே இறக்கிவிட்டார். ஆகவே பிற்கால ஆல்பங்கள்மீது அந்தப் பழியைச் சுமத்துவது பொருந்தாது. இந்த மூன்று ஸ்டுடியோ ஆல்பங்களில் தன் குரலெல்லைக்குள் நின்று, தனக்குத் தானே இணைக்குரல் பாடிப் பாடலை நிரப்பும் கலையை அவர் கண்டுகொண்டார். குரல் திணறுவது மேடையில், முப்பதாண்டுக்கு முந்தைய பாடல்களை அதே சுருதியில் பாட முயலும்போதுதான்.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு என் யோசனை இது. காலவரிசையை விட்டுவிடுங்கள். முதலில் ‘ஸ்னேக்ஸ் அண்ட் ஆரோஸ்’ ஆல்பத்தின் முதல் ஐந்து பாடல்களோடு ‘தி மெயின் மங்கி பிசினஸ்’ வரை கேளுங்கள். பழைய ரஷ்ஷுக்கும் புதிய ரஷ்ஷுக்கும் இடையே பாலம் அங்கேதான் இருக்கிறது. அடுத்து ‘கிளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்’; ஆனால் ‘தி ரெக்கர்ஸ்’, ‘ஹெட்லாங் ஃப்ளைட்’, ‘விஷ் தெம் வெல்’, ‘தி கார்டன்’ என்ற பின்பாதியைத் தனியாக ஒரு நாளும், முன்பாதியை வேறொரு நாளும். அடுக்குகளைக் கேட்கக் காது பழகிய பிறகே ‘வேப்பர் டிரெயில்ஸ்’ ஆல்பத்தைத் தொடுங்கள், அதுவும் 2013 பதிப்பை. கடைகளிலும் ஸ்ட்ரீமிங் சேவைகளிலும் தேடும்போது ‘ரீமிக்ஸ்டு’ என்ற சொல் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ரீமாஸ்டர்டு’ என்று மட்டும் இருந்தால் அது நீங்கள் தேடும் பதிப்பல்ல.